கள ஆய்வுக்கு ஆர்1 தேவையா?

கேனான் நிறுவனம் 2024-இல் அறிவித்த இஓஎஸ் ஆர்1 நொடிக்கு 40 படங்கள் எடுக்கும். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 6,299 டாலர். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகையோ மாதம் 37,000 ரூபாய். ஓராண்டுத் தொகை முழுவதையும் சேர்த்தாலும் லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைக்கூட வாங்க இயலாது. இருந்தும் மொழியியல் மாணவரிடையே இந்த ஆசை தலைகாட்டுகிறது.

அந்த வேகம் ஓடும் வீரருக்கும் பறக்கும் பறவைக்கும் உரியது. திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும் முதியவருக்கு அது எதற்கு? பேச்சின் குறுக்கே ஷட்டர் ஒலி விழாதிருப்பது நன்மைதான். ஆனால் ஓசையற்ற ஷட்டர் நடுத்தர விலைக் கேமராக்களிலும் உண்டு. விரலசைவைத் துல்லியமாகக் காண விரும்பும் சைகைமொழி ஆய்வாளருக்கும் அவற்றின் நொடிக்கு 60 சட்டகக் காணொளி போதும்.

களத்தில் கெடுவது பெரும்பாலும் படமன்று, ஒலி. மின்விசிறி இரைச்சலில் உரசொலிகளின் வேறுபாடு மறைந்துபோனால் எந்த மெகாபிக்சலும் அதை மீட்டுத் தராது. பேசுவோர் சிலரே எஞ்சியுள்ள மொழியில் அப்பதிவை மீண்டும் எடுக்கும் வாய்ப்பே அமையாமற் போகலாம். எனவே நடுத்தரக் கேமரா ஒன்று, நல்ல ஒலிப்பதிவுக் கருவி, சட்டையில் பொருத்தும் மைக், பதிவுகளுக்கு இரு படிகள் வைக்க வன்தட்டுகள் ஆகியவையே ஆய்வாளர் முதலில் வாங்கத்தக்கவை. மிஞ்சும் பணத்தில் அதே ஊருக்கு இன்னும் சில முறை போய்வரலாம்.