ஓர் எழுத்து, இரண்டு மரங்கள்

அகிரா குரோசாவாவின் ‘சன்ஜூரோ’ (1962) படத்தில் நாயகனிடம் பெயர் கேட்கிறார்கள். தன் உண்மைப் பெயரைச் சொல்ல விரும்பாத அந்தச் சாமுராய், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் பூத்திருக்கும் மரங்களைப் பார்த்துவிட்டு, ‘த்சுபாகி சன்ஜூரோ’ என்று அந்தக் கணமே ஒரு பெயரைக் கட்டிச் சொல்கிறான். த்சுபாகி என்பது கமேலியா. தேயிலைச் செடியின் நெருங்கிய உறவு. பளபளக்கும் கரும்பச்சை இலைகளும், சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்களும் கொண்டது. படத்தின் உச்சகட்டத்தில் ஓடையில் மிதந்துவரும் அப்பூக்களே சைகையாகின்றன.

த்சுபாகி என்ற பெயரை எழுதும் சீன எழுத்தை ஒரு சீன வாசகர் முன்வைத்தால், அவர் மனத்தில் இந்தப் பூ மலராது. அவருக்கு அது ‘ச்சுன்’. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த, ஓங்கி வளரும் வேறொரு மரம். இளவேனிலில் அதன் கொழுந்தைக் கிள்ளி முட்டையோடு பொரித்து உண்பது சீனத்தில் வழக்கம். ஒரே எழுத்து, கடலுக்கு இப்பால் ஒரு மரம், அப்பால் வேறு மரம்.

சீன எழுத்து என்பது ஓவியம், பார்த்த மாத்திரத்தில் பொருள் விளங்கிவிடும் என்றொரு நம்பிக்கை இலக்கிய வாசகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஃபெனலோஸா எழுதி வைத்துப் போன கட்டுரையை 1919இல் எஸ்ரா பவுண்ட் வெளியிட்ட நாள் முதல் இந்நம்பிக்கைக்குக் கவிஞர்களின் ஆதரவும் சேர்ந்துகொண்டது. கவிதைக்கு அது தந்த ஊக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதை மொழியியல் உண்மையாக எடுத்துக்கொள்வது நம்மை வழிதவறச் செய்யும் என்பதற்கு இந்த ஓர் எழுத்தே போதும்.

எழுத்தின் இடப்பாதி ‘மரம்’, வலப்பாதி ‘வசந்தம்’. மரமும் வசந்தமும் சேர்ந்தால் வசந்தகால மரம் என்று முடிவுகட்டத் தோன்றும். சீனத்தில் நடந்தது அதுவல்ல. அங்கே இடப்பாதி இனத்தைச் சொல்கிறது, வலப்பாதி ஒலியைத் தருகிறது. வசந்தத்தைக் குறிக்கும் சொல்லும் ‘ச்சுன்’, மரத்தின் பெயரும் ‘ச்சுன்’. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விதம் பொருட்குறியும் ஒலிக்குறியும் இணைந்து உருவானவையே. இதே மரத்தின் பெயரைப் பழைய நூல்கள் வேறோர் எழுத்தாலும் எழுதின. அதில் மரம் உண்டு, ஒலிக்குறி உண்டு, வசந்தம் இல்லை.

சீன இலக்கியத்தில் இம்மரம் பெற்ற இடம் பெரிது. சுவாங் ட்சுவின் நூலில், முதல் அத்தியாயத்திலேயே, எண்ணாயிரம் ஆண்டுகள் ஒரு வசந்தமாகவும் எண்ணாயிரம் ஆண்டுகள் ஓர் இலையுதிர்காலமாகவும் வாழும் பெரும் ‘ச்சுன்’ வருகிறது. அதன் வழியே அம்மரம் நீண்ட ஆயுளுக்கும், பின்னர் தந்தைக்கும் குறியீடாயிற்று.

ஜப்பானியருக்கோ எழுத்து வருவதற்கு முன்பே ‘த்சுபாகி’ என்ற சொல் இருந்தது. எழுத்து வந்தபோது அச்சொல்லுக்கு ஓர் இருக்கை தேவைப்பட்டது. சில இடங்களில் அதைக் ‘கடல் மாதுளை’ என்று பொருள்படும் மூன்று எழுத்துகளால் எழுதினார்கள். நிலைத்தது மரமும் வசந்தமும் சேர்ந்த எழுத்தே. மன்யோஷு தொகைநூலில், 701ஆம் ஆண்டைச் சேர்ந்த பாடல் ஒன்றிலேயே அதைக் காண்கிறோம். சீனர் ஒலியாகக் கேட்ட பாதியை ஜப்பானியர் பொருளாகக் கண்டார்கள். இதே முறையில் மரத்தோடு கோடையைச் சேர்த்து எனோகி என்றும், குளிர்காலத்தைச் சேர்த்து ஹீராகி என்றும் படிக்கிறார்கள். பின்னாளில் சீனத்தின் அசல் ‘ச்சுன்’ மரம் ஜப்பானுக்கு வந்தபோது அதன் இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்தார். ஆகவே சீன ஒலியைத் தழுவிச் ‘சான்ச்சின்’ என்ற பெயரோடு அது வாழ்ந்துவருகிறது.

இதைப் பிழை என்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சுவாங் ட்சுவின் மரத்துக்குரிய நெடிய ஆயுள் ஜப்பானியக் கவிதையில் கமேலியாவுக்கு வந்து சேர்ந்தது. நீண்ட ஆயுளைக் குறிக்கும் ‘ச்சின்ஜு’ என்ற சொல்லில் இன்றும் அதே எழுத்து சீன ஒலியின் சாயலோடு ஒலிக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரு மக்கள்கூட்டம் படித்தும் எழுதியும் வந்த பொருளைப் பிழை என்று தள்ள எந்த அகராதிக்கும் உரிமை இல்லை. எது அசல் என்பதைவிட, எங்கே படிக்கப்படுகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மொழிபெயர்ப்பில் இது வெறும் ஆராய்ச்சி விவகாரமாக நின்றுவிடுவதில்லை. மகன் த்யூமாவின் 1848ஆம் ஆண்டு நாவலின் நாயகி கமேலியாப் பூக்களுக்குப் பெயர்போனவள். ஜப்பானில் அந்நாவல் ‘த்சுபாகி ஹிமே’, அதாவது கமேலியா இளவரசி. பிரெஞ்சு அறியாத லின் ஷூ, அம்மொழி அறிந்த நண்பரின் துணையோடு 1899இல் அதைச் சீனத்தில் தந்தபோது, கமேலியாவுக்கு வழங்கும் ‘தேயிலைப்பூ’ என்ற சொல்லையே தலைப்பில் இட்டார். ஜப்பானியத் தலைப்பின் எழுத்தை அப்படியே எடுத்திருந்தால் பாரிஸ் நகரத்து அழகி வேம்பின் உறவுக்காரியாகியிருப்பாள்.

தமிழுக்குச் சீன, ஜப்பானியப் படைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. எழுத்தைக் காணாமலேயே அதன் நிழலை மொழிபெயர்க்கிறோம். பழைய சீனக் கவிதையொன்றில் தன் வீட்டு ‘ச்சுன்’ தழைத்திருக்கவேண்டும் என்று மகன் ஏங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிய அகராதியைப் புரட்டியவர் கமேலியா என்று எழுதுவார்; எழுத்தைப் பிரித்துப் பார்த்தவர் ‘வசந்த மரம்’ என்று எழுதி மகிழ்வார். இரண்டிலும் தந்தை தொலைந்துபோவார். அந்தக் கவிதையில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

எனவே மொழிபெயர்க்கும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. மரத்தின் பெயர் வரும் இடத்தில், மூலம் எந்த நாட்டுடையது, அந்நாட்டில் அது என்ன மரம் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். த்சுபாகியைத் த்சுபாகி என்றும் ச்சுன்னைச் ச்சுன் என்றும் விட்டு, அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தாலும் போதும். அந்த ஒரு வரியைப் படிக்கும் பொறுமை தமிழ் வாசகருக்கு உண்டு.