இடுப்புச் சதையும் இரண்டு விரல் இடைவெளியும்

சனிக்கிழமை என்றால் எங்கள் பொழிச்சலூரில் அகத்தீஸ்வரர் கோயில் பக்கம் நடக்க இடம் இருக்காது. வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய கோயிலாயிற்றே! எள் விளக்குப் போட எங்கெங்கிருந்தோ வருவார்கள். அப்படிக் கோயிலுக்கு வந்த கையோடு என் நாத்தனார் பெண் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலு வயசுப் பெரியவன். காபி கலந்தேன். சர்க்கரை வேண்டாம் என்றாள். முறுக்கு வைத்தேன். அதுவும் வேண்டாமாம்.

"என்னடி, விரதமா?" என்றேன்.

"இல்லே அத்தை. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று செல்போனை நீட்டினாள்.

ஒரு விளம்பரம். வயிறு, பக்கவாட்டுச் சதை, முதுகு மடிப்பு எல்லாம் சேர்த்து, இடுப்பைச் சுற்றி முழுக்க ஒரே நாளில் கொழுப்பை உறிஞ்சி எடுத்து வடிவம் கொடுப்பார்களாம். லைப்போசக்ஷன் என்று பெயர். பண்டிகைத் தள்ளுபடி போக ஒன்றரை லட்சம். காலையில் போனால் சாயங்காலம் வீடு. சீட்டுப் பணம் வருகிறதென்று பத்தாயிரம் அட்வான்ஸும் கட்டிவிட்டு வந்திருக்கிறாள்!

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில், பந்தியில், தூரத்து உறவுக்காரி ஒருத்தி எல்லோர் எதிரிலும், "மூணாவதா? எத்தனை மாசம்?" என்று கேட்டாளாம். இவள் சிரித்து மழுப்பிவிட்டு, கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதிருக்கிறாள்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியை வாங்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? என் சின்னவன் பிறந்து ஒரு வருஷம் கழித்து, பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார். நல்ல மனுஷர். நானும் வேண்டாமென்று சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன். அன்று பட்ட கூச்சம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே 'உனக்கெல்லாம் எதுக்குடி அழகு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பயம் இருந்தது. 2024 ஏப்ரலில், எங்களுக்குப் பக்கத்து ஊரான பம்மலில், உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியிலிருந்து வந்த 26 வயதுப் பையன் இறந்து போனானே! அரசாங்கம் விசாரணைக் குழு போட்டு, அந்த மருத்துவமனையைத் தற்காலிகமாக மூட உத்தரவு போட்டது. அது வேறு வகை ஆபரேஷன், கொழுப்பை உறிஞ்சுவது அல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்குமா?

"அட்வான்ஸ்தானே கட்டியிருக்கே? எனக்கு ஒரே ஒரு நாள் கொடு" என்று சொல்லி, அடுத்த வாரமே அவளை ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், பழகிய மனுஷி.

அவர் விளம்பரத்தைப் பார்க்கவே இல்லை. "படும்மா" என்றார். முழங்காலை மடக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, "தலையை மட்டும் மெல்லத் தூக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டினார். நடுவயிற்றில் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போயிற்று! இரு பக்கமும் வரப்பு மாதிரி தசை, நடுவில் பள்ளம்.

கர்ப்பத்தில் வயிறு பெரிதாகும்போது, முன்வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளும் விலகி இடம் கொடுக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு அவை தாமாகவே நெருங்கிவிடும். சிலருக்கு விலகியபடியே நின்றுவிடும். அப்போது ஒல்லியான பெண்ணுக்கும் வயிறு முன்னால் தள்ளி நிற்கும். "இவளுக்கு வயிறு தெரியறது பாதி இதனாலதான். குழாய் விட்டுக் கொழுப்பை எடுத்தா இந்த இடைவெளி மூடுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு, "இருமு" என்றார். தொப்புளுக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு புடைப்பு வந்து போயிற்று. ஹெர்னியா! குடல் இறக்கம் என்கிறோமே, அதன் தொப்புள் வகை. இது இருப்பது தெரியாமல் அந்த இடத்தில் குழாயைச் செலுத்தினால் குடலில் ஓட்டை விழுந்துவிடலாமாம். அதனால்தான் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்காமல், இதில் யாரும் இறங்கக் கூடாது என்றார். அட்வான்ஸ் வாங்கிய இடத்தில் இவளைப் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை பால் குடிக்கிறதா என்றும் கேட்கவில்லை. பால் கொடுக்கிற தாய்க்கு இது செய்வதில்லை என்பது முதல் பாடமாம்.

அன்று கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோலில் சில மில்லிமீட்டர் துளை போட்டு, அதன் வழியே உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தும் கலந்து உள்ளே நிரப்புகிறார்கள். பிறகு முனை மழுங்கிய மெல்லிய குழாயை விட்டு, முன்னும் பின்னுமாக ஓட்டிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் வளர்ந்த முறை இது. இல்லூஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் மழுங்கிய குழாயைக் கொண்டு வந்து பிரபலப்படுத்தினார். ஆரம்பத்தில் ரத்தச் சேதம் அதிகம். 1980களின் நடுவில் அமெரிக்காவில் க்ளைன் என்ற தோல் டாக்டர் அந்த மருந்து நீரை நிறைய நிரப்பும் வழியைக் கண்ட பிறகே ரத்தப் போக்கு குறைந்தது. அதற்கெல்லாம் முன்னாலேயே, 1920களில் பாரிஸில், ஒரு நடனக்காரியின் கால் சதையைச் சுரண்டி அழகாக்கப் போய், கால் அழுகி, அதையே வெட்டும்படி ஆயிற்றாம். ஆசை அன்றைக்கும் இருந்திருக்கிறது பாருங்கள்!

இடுப்பைச் சுற்றி முழுக்க என்றால் மல்லாக்கப் படுக்க வைத்தும், திருப்பிப் போட்டும் செய்ய வேண்டும். பரப்பு அதிகம், நிரப்பும் நீர் அதிகம், மயக்க மருந்தில் இருக்கும் நேரமும் அதிகம். உறிஞ்சி எடுப்பது 5 லிட்டரைத் தாண்டினால் பெரிய அளவு என்று கணக்கு. ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துக் கவனிக்க வேண்டும். 'சாயங்காலம் வீடு' என்பதெல்லாம் சின்ன அளவுக்குத்தான். பிறகு பல வாரம் இறுக்கமான உடுப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். வீக்கம் முழுசாக வடிய மாதக் கணக்கில் ஆகும். கைக்குழந்தைக்காரி இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பாள்?

இன்னொரு சங்கதி. தலையணையிலிருந்து இலவம் பஞ்சைப் பாதி எடுத்துவிட்டால் உறை என்ன ஆகும்? தொளதொளவென்று தொங்கும். இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றுத் தோலும் அப்படித்தான். இழுவைத் தன்மை இருந்தால் சுருங்கும், இல்லாவிட்டால் மடிந்து தொங்கும். தோலை வெட்டித் தைப்பதும், விலகிய தசையை இழுத்துத் தைப்பதும் வேறு ஆபரேஷன், இன்னும் பெரிய ஆபரேஷன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் புதிதாக இருந்தது என்னவென்றால், வயிற்றுக் கொழுப்பில் இரண்டு விதம் உண்டாம். கையால் பிடித்தால் பிடிபடுவது தோலுக்கு அடியில் இருப்பது. குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே இருப்பது இன்னொன்று. எங்கள் வீட்டுக்காரர் தொப்பையைத் தட்டிப் பார்த்தால் தவில் மாதிரி கெட்டியாக இருக்கும், கிள்ளினால் பிடிபடாது. அது இந்த உள்கொழுப்பு. சர்க்கரை, மாரடைப்பு என்று ஆளைப் படுத்துவதில் பெரும் பங்கு அதற்குத்தான். குழாய் அங்கே போகாது, போகவும் கூடாது. 2004-ல் அமெரிக்காவில் குண்டான 15 பெண்களுக்கு ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். இடை குறைந்ததே தவிர, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எதுவும் நல்லபடியாக மாறவில்லை! நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் குறைக்கிற கொழுப்போ உள்ளே இருப்பதையும் சேர்த்துக் குறைக்கிறது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, டேப்பைச் சுற்றுங்கள். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளந்து ஏமாந்து போகாதீர்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அளவை இங்கே எழுதப் போவதில்லை.

இந்த ஆபரேஷனே கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. எடை ஓரளவு சரியாக இருந்து, தோல் நன்றாக இருந்து, எவ்வளவு நடந்தும் ஒரு இடத்தில் மட்டும் கரையாத சதை இருப்பவர்களுக்குத் தகுந்த இடத்தில் செய்தால் நல்ல பலன் உண்டு என்றார். தகுந்த இடம் என்பதுதான் விஷயம். 2022 மே மாதம் பெங்களூரில் சேதனா ராஜ் என்ற 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை, பெற்றோரிடம் சொல்லாமல் போய்க் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் படுத்தார். அன்றைக்கே உயிர் போயிற்று. போதுமான வசதி இல்லாத இடத்தில் செய்துவிட்டார்கள் என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண் வயிற்றுக் கொழுப்பு எடுத்துக்கொண்டு மறுநாளே வீட்டுக்கு வந்தவர். கிருமி பரவி, உயிர் பிழைக்க வேண்டி கை கால் விரல்களில் ஒன்பதை எடுக்கும்படி ஆயிற்று.

அதனால் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். கத்தி பிடிப்பவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரா? மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் பக்கத்தில் இருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா? எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏதாவது என்றால் போனை எடுப்பது யார்? இதற்குப் பதில் சொல்ல முகம் சுளித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். செய்துகொண்டு வந்த பிறகு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு வயிற்று வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

எங்கள் பெண்ணுக்கு ஹெர்னியாவை ஒரு சர்ஜனிடம் காட்டி, எப்போது தைப்பது என்று முடிவு செய்யப் போகிறார்கள். அவள் அம்மாவிடம் நானே சொன்னேன். நாத்தனார் என்னைத் திட்டினாள், பிறகு பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள். விலகிய தசைக்கு, பிசியோதெரபி பெண் மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். படுத்து எழுந்து செய்யும் தண்டால் மாதிரிப் பயிற்சி எதுவும் இப்போது வேண்டாமாம்.

பத்தாயிரம் திரும்பி வரவில்லை. மூன்று தடவை போன் செய்தும், "மேடம், வேற ட்ரீட்மென்ட்டுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறார்களாம். சீட்டுப் பணம் மிச்சம் அப்படியே இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு இரண்டு பேரும் போனோம். ஜாக்கெட் துணி நாலு எடுத்தாள். தையற்காரரிடம் பழைய அளவு ஜாக்கெட்டை எப்போதும் போல நீட்டப் போனவள், கையை இழுத்துக்கொண்டு, "புதுசா அளவெடுத்துக்குங்கண்ணே" என்றாள்.