கொம்பின் வளையமும் பார்வைத்துண்டும்

அலாஸ்காவின் மலைகளிலே ‘டால்’ என்னும் வெண்ணிறக் காட்டாடுகள் வாழ்கின்றன. வேட்டைக்குச் செல்வோன் கண்ட கடாவையெல்லாம் சுட்டுவிட முடியாது. பெரும்பாலான இடங்களிலே அதன் கொம்பு முழுவட்டமாகச் சுழன்றிருத்தல் வேண்டும். அல்லது இரு கொம்பின் நுனிகளும் ஒடிந்திருத்தல் வேண்டும். அன்றேல் எட்டு வயதாவது நிரம்பியிருத்தல் வேண்டும். வயதைக் கொம்பின் வளர்ச்சி வளையங்களே காட்டும். தவறி எண்ணினால் இளங்கடா மாண்டுபோம். சுட்டவன் சட்டத்தின்முன் நிற்பான்.

வளையங்களைத் தொலைவிலிருந்தே எண்ணவேண்டியிருத்தலின், 20 முதல் 60 மடங்குவரை உருப்பெருக்கத்தை மாற்றவல்ல ‘சூம்’ பார்வைத்துண்டைப் பலர் தொலைகாட்டிக்கு வாங்குகின்றனர். 60 என்ற எண்ணில் மயங்குவோர்க்கு நாம் வகுப்பறைக் கணக்கொன்று சொல்வோம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80 மில்லிமீற்றர் வில்லைக்கு 20 மடங்கில் அது 4 மில்லிமீற்றர். 60 மடங்கிலோ 1.3 மட்டுமே. அந்திக் கருக்கலில் நம் கண்மணி அதனினும் மிக அகன்று நிற்குமாதலால் விம்பம் மங்கித் தோன்றும். நண்பகலிலே பாறைவெப்பத்தால் எழும் கானல் விம்பத்தை நடுங்கச் செய்யும். மடங்கு கூடக் கூட நடுக்கமும் பெருகும்.

ஆதலின் குறைந்த மடங்கிலே பார்வைப்பரப்பு எவ்வளவு அகலம் என்பதையே முதலில் நோக்குக. ஆட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது அதனாலேதான். நம்மைப்போல் மூக்குக்கண்ணாடி அணிவோர் (விடைத்தாள் திருத்தியதன் பயன்!) கண் சற்று விலகியிருந்தும் பரப்பு முழுதும் தெரிகின்றதா எனக் கடையிலேயே சோதித்தல் நன்று, ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் இடைவெளியாவது வேண்டும். மடங்கை மாற்றும் வளையத்தைக் கையுறையுடன் திருகிப் பார்க்கவும் மறக்கவேண்டா. மலைக்காற்றிலே கையுறை கழற்ற எவருக்கும் மனம் வராது.