இலங்காபுரனின் தலை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் மீது படை நடத்திவந்த சிங்களத் தளபதி இலங்காபுர தண்டநாயகனின் வாழ்க்கையை எழுதப் புகுபவர் முன் இரண்டு ஆவணங்கள் கிடக்கின்றன. ஒன்று, பாலி மொழியில் அமைந்த சூளவம்சம். அது அவனை வெற்றியின் உச்சியில் நிறுத்திக் கதையை முடித்துக்கொள்கிறது. மற்றொன்று, இரண்டாம் இராசாதிராசன் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. அதில் அவன் தலை மதுரை வாயிலில் ஆணியடித்துப் பதிக்கப்படுகிறது. ஒரே மனிதன், ஒரே போர், இரண்டு முடிவுகள். இவற்றுள் தனக்கு உவப்பானதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பொய்யென்று தள்ளிவிடுவது பாக் நீரிணையின் இரு கரையிலும் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போரின் தொடக்கம் மதுரை அரியணைப் பூசல். பராக்கிரம பாண்டியன் ஆண்ட மதுரையைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். முற்றுகைக்குள்ளானவன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் (1153–1186) உதவி வேண்டினான். இலங்காபுரனின் தலைமையில் படை திரட்டப்பட்டது. ஆனால் அது கடல் கடப்பதற்குள் மதுரை வீழ்ந்து, பராக்கிரம பாண்டியன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். உதவிக்கு அழைத்தவன் இறந்த பிறகும் படை திரும்பவில்லை. தப்பிப் பிழைத்த மகன் வீரபாண்டியனை அரியணையேற்றுவது அதன் புதிய இலக்காயிற்று. இவையெல்லாம் 1170ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தவை.

இலங்காபுரன் இராமேசுவரத் தீவில் காலூன்றி, குந்துகால் என்னுமிடத்தில் தன் மன்னன் பெயரால் ஒரு கோட்டை எழுப்பினான். பின்னர் தேவிபட்டினம், செம்பொன்மாரி, நெட்டூர், மானாமதுரை என்று அவன் படை நகர்ந்ததைச் சூளவம்சம் ஊர் ஊராகச் சொல்கிறது. திருச்சுழியிலிருந்து வடகிழக்கே ஒருநாள் நடைத் தொலைவில் இருக்கிறது மானாமதுரை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வாழ்பவருக்கு இந்த நிலம் அயலானதன்று. கண்மாயில் நீர் நின்றால் விளைச்சல், இல்லையேல் பஞ்சம் என்றிருக்கும் வானம் பார்த்த பூமி அது. அங்கே ஒரு பெரும்படை ஆண்டுக்கணக்கில் தங்குவதென்றால் அதற்குச் சோறிட்டது யார், எந்தக் குதிரிலிருந்து என்ற கேள்வி எழவேண்டும். இரண்டு ஆவணங்களிலும் அதற்கு விடையில்லை. ஊர்கள் எரிந்ததை மட்டும் சூளவம்சம் பெருமிதத்தோடு குறித்து வைத்திருக்கிறது. மணமேற்குடி அவற்றுள் ஒன்று. சிறைப்பட்ட தமிழர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அநுராதபுரத்து ரத்னவாலுக சேதியத்தைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்றும் அது கூறுகிறது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

சோழர் தரப்புக்கு வருவோம். நாடிழந்த குலசேகரன் சோழனைச் சரணடைய, அவனுக்காகப் படை நடத்தியவர் பெருமானம்பிப் பல்லவராயர். மன்னன் இறந்து, வாரிசுகள் பால்மணம் மாறாத குழந்தைகளாக இருந்த நெருக்கடியில் அவர்களைக் காத்து, இரண்டாம் இராசாதிராசனை அரியணையேற்றியவரும் இவரே. இவர் மறைந்த பின் குடும்பத்தாருக்கு நிலம் வழங்கப்பட்ட செய்தியைச் சொல்ல எழுந்ததுதான் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. கொடையைச் சொல்லும் கல்வெட்டு கொடைக்குரிய தகுதியையும் சொல்லத்தானே வேண்டும்? காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டோ அதே வெற்றியை ஞானசிவதேவரின் இருபத்தெட்டு நாள் பூசையின் பயனாகக் காட்டுகிறது. அவருக்கு ஓர் ஊரே காணிக்கையாயிற்று. வாளால் வந்த வெற்றி ஒரு கல்லிலும் வழிபாட்டால் வந்த வெற்றி மறுகல்லிலும் பதிவாகியிருக்கிறது.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. உரோமின் பழங்குடிப் பிரபுக் குலத்தில் பிறந்த தளபதி காமில்லஸ், கி.மு. 390ஐ ஒட்டி நகரைச் சூறையாடிய கோல் இனத்தார் மீட்புத் தொகையாகப் பொன்னை நிறுத்துக்கொண்டிருந்த வேளையில் வந்து அவர்களை விரட்டினான் என்று லிவி எழுதினார். லிவிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட பொலிபியஸோ, கோல் இனத்தார் கொள்ளைப் பொருளோடு இடையூறின்றித் திரும்பினர் என்கிறார். அவமானத்தை ஆற்றிக்கொள்ள உரோமுக்கு ஒரு தளபதி தேவைப்பட்டான். தேவை எங்கே மிகுகிறதோ அங்கே சான்றைக் கூர்ந்து பார்க்கவேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இலங்காபுரன் செய்தியில் எதை நம்புவது? பல்லவராயர் கல்வெட்டின் பெருமைமொழியை மட்டும் கொண்டு நான் முடிவு செய்யமாட்டேன். அதற்குப் பின் எழுந்த திருவாலங்காட்டுக் கல்வெட்டில் ஒரு செய்தி வருகிறது. சோழர் உதவியால் மீண்ட குலசேகரன், அந்த நன்றியை மறந்து இலங்கை மன்னனோடு உறவு பூண்டான். மதுரை வாயிலில் பதித்திருந்த தலைகளை அகற்றச் செய்தான் என்பது அவன் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இதுவும் சோழர் கூற்றே. எனினும் வெற்றியைப் பறைசாற்ற எழுந்த வரியைவிட, வேறொரு மனத்தாங்கலைச் சொல்லும்போது தற்செயலாக வந்து விழும் வரிக்கு எடை அதிகம். தலைகள் அங்கே இருந்தன என்றே கொள்கிறேன். அவற்றுள் ஒன்று இலங்காபுரனுடையது என்பதைச் சூளவம்சத்தின் மௌனமும் மறுக்கவில்லை. வெற்றியின் நினைவாகப் பாண்டுவிசயம் என்ற ஊர் உண்டானதைச் சொல்லும் அந்நூல், வென்ற தளபதியின் பிற்கால வாழ்வைப் பற்றி வாய் திறக்கவில்லையே!

இனி, இதைத் தமிழர்–சிங்களர் போராகப் படிப்போரிடம் ஒரு கேள்வி. இலங்காபுரன் ஒரு பாண்டியன் அழைப்பின் பேரில், ஒரு பாண்டியனை அரியணையேற்ற வந்தான். தமிழ்க் குறுநிலத் தலைவர்கள் பலர் அவன் பக்கம் சேர்ந்தார்கள். சிலர் மீண்டும் மாறினார்கள். அவனை எதிர்த்த குலசேகரன் பிறகு இலங்கையோடு கைகோத்தான். உடனே சோழர்கள் யாரை ஆதரித்தார்கள் தெரியுமா? இலங்காபுரன் முடிசூட்ட வந்த அதே வீரபாண்டியனை! இந்தக் கதையில் இனப்பகையைத் தேடுபவர் இன்றைய வெறுப்பைப் பழைய கல்லில் பொறிக்கிறார்.

எங்கள் வறண்ட நிலப்பகுதியில் ஊர்வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. மகிழத்தக்கதே. ஆனால் அந்த ஆர்வம் பெரும்பாலும் தன் சாதிக்கு ஒரு தளபதியைக் கண்டெடுப்பதில் போய் முடிகிறது. ஒரு பட்டப்பெயர் கிடைத்தால் போதும், பரம்பரை தயாராகிவிடுகிறது. இலங்காபுரன் என்பதே இயற்பெயர் அன்று, பட்டம் என்றே தோன்றுகிறது. அவனுடைய தாய் தந்தையர் யார், அவன் எந்த ஊரினன் என்பதை அவனைப் புகழ்ந்த நூலும் சொல்லவில்லை. இத்தனை விரிவாகப் பதிவான ஒருவனின் நிலையே இதுவென்றால், ஒற்றை வரிக் கல்வெட்டிலிருந்து குலப்பெருமை பேசுவது எத்துணை துணிச்சல்!

ஊர்வரலாறு எழுதும் நண்பர்கள் வென்றவன் ஆவணத்தையும் தோற்றவன் ஆவணத்தையும் அருகருகே வைத்து எழுதட்டும். தளபதியின் பெயரை எழுதும் இடத்தில் எரிந்த ஊரின் பெயரையும் எழுதட்டும். கரை கடந்து மண் சுமக்கப் போனவர்கள் எந்தக் கண்மாய்க்கரை மனிதர்கள் என்று கேட்கட்டும். விடை கிடைக்காமற் போகலாம். கேள்வியாவது நம் ஏடுகளில் இருக்கவேண்டும்.