வேளா மீனின் வாள்

எங்கள் பள்ளி விஞ்ஞான அறையின் பீரோவில் நெடுங்காலமாக ஒரு வாள் கிடக்கிறது. இரும்பு வாள் அல்ல, மீனின் வாள். மூன்று அடி நீளம், இரு ஓரங்களிலும் வரிசையாகப் பற்கள். யார், எப்போது கொடுத்தார்கள் என்பதற்குக் குறிப்பு ஒன்றும் இல்லை. சென்ற மாதம் அதை வகுப்பில் எடுத்துக் காட்டியபோது, பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "வேளா, ஸார்! எங்க தாத்தா சின்ன வயசிலே பிடிச்சிருக்காராம்" என்றான். "உன் தகப்பனார்?" என்று கேட்டேன். அவர் பதினைந்து வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். அவர் வேளாவைக் கண்ணால் கண்டதே இல்லையாம்.

பார்வைக்குச் சுறாவைப் போலிருந்தாலும், வேளா திருக்கைக் குலத்தைச் சேர்ந்த பிராணி. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும். திருக்கைக்கும் வேளாவுக்கும் அவை உடலின் அடிப்புறத்தில் இருக்கும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அந்தக் கோடு வேளாவின் வாளே என்று கருதுவோர் உண்டு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நட்டு வைப்பதற்கு மற்றச் சுறாக்களிடம் கொம்பு ஏது?

அந்த வாளின் விசேஷத்தைக் கேளுங்கள். அதிலுள்ள பற்கள் உண்மையான பற்கள் அல்ல. செதில்களே அவ்வாறு மாறியவை. வாளின் தோலிலே நுண்ணிய துவாரங்கள் நிறைந்திருக்கின்றன. இரைமீன்களின் உடலிலிருந்து எழும் மிக மெல்லிய மின்சாரத்தை அவை உணர்கின்றன. ஆகையால் கலங்கல் நீரிலும் வேளாவுக்கு இரை தப்பாது. கண்டுபிடிக்கும் கருவியே கொல்லும் ஆயுதமும் ஆகிறது. பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசினால் மீன் துண்டாகிவிடும். இது 2012-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு.

வேளா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. தாயின் வயிற்றுக்குள் இத்தனை வாள்கள் இருந்தால் அவள் கதி என்னாவது என்று என் மாணவிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! பிறக்கும் வரையில் குட்டியின் வாள் வளைந்து கொடுக்கும். பற்களின் மேல் மெல்லிய உறை மூடியிருக்கும். பிறந்த பிறகே அது கழலுகிறது. முகத்துவாரம், உப்பங்கழி போன்ற ஆழமற்ற ஜலமே குட்டிகளுக்குத் தொட்டில்.

மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வேளாவோ ஒரு பேற்றுக்குப் பத்துக் குட்டி போட்டாலே அதிகம் எனலாம். அக்குட்டிகள் தாயாவதற்கும் பல ஆண்டுகள் செல்லும். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மத்திய அமெரிக்காவின் நிகராகுவா ஏரி காட்டிவிட்டது. 1970-களில் அங்கே வியாபாரத்துக்காக வேளாவைப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஏரி ஏறக்குறைய வெறுமையாயிற்று. பின்னர்த் தடை போட்டும் பழைய நிலை திரும்பவில்லை.

உலகிலுள்ள வேளா ஜாதிகள் ஐந்தே. எந்த வாளால் அது பிழைத்ததோ, அதே வாள் நைலான் வலையில் சிக்கிக்கொள்கிறது. வலையில் விழுந்தது உடலை முறுக்க முறுக்கச் சிக்கல் இறுகுகிறது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளா இடம் பெற்றது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். நல்ல சட்டந்தான். ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாதே! அமெரிக்காவின் புளோரிடாவில் 1995 முதல் கரையோரச் செவுள் வலைகளையே தடுத்தார்கள். அங்கேயுள்ள வேளா மெல்ல மெல்லத் தலையெடுத்து வந்திருக்கிறது. நம் கரையில் அப்படிச் செய்தால் அடுப்பெரியாத வீடுகள் எத்தனையோ!

மறுநாள் அந்தப் பையன் தாத்தாவைக் கேட்டுக்கொண்டு வந்தான். "வேளாவை உயிரோடு விடணும்னா வலையை அறுக்கணும். அறுத்த வலைக்கு யார் பணம் கொடுப்பாங்கன்னு தாத்தா கேக்கறார், ஸார்" என்றான்.

கிழவர் கேட்டதில் தவறு இல்லை. குஜராத்தில் 2004 முதல் திமிங்கிலச் சுறாவுக்காக ஓர் இயக்கம் நடந்து வருகிறது. அங்கே மீனவர்கள் வலையை அறுத்து அதைக் கடலில் விடுகிறார்கள்; அறுந்த வலைக்கு மாநில வனத்துறை நிவாரணம் கொடுக்கிறது. அதே ஏற்பாட்டை வேளாவுக்காகப் பழவேற்காட்டிலும் செய்யலாம். வேளா அகப்படுவது இன்று அவ்வளவு அபூர்வமாகையால், சர்க்காருக்குச் செலவும் அதிகம் ஆகாது.