பஞ்சாயத்தைக் கூட்டுவது யார்?

திருப்பூர்க்காரர்களுக்கு இது அத்துப்படி. வெளிநாட்டு பையர் டிசைன் அனுப்புவார். காலர், கலர், தையல் எல்லாம் அவர் முடிவு செய்தது. நம்ம ஆள் சாம்பிள் தைத்துக் கொடுத்து, 'இந்த இடத்துல துணி இழுக்குதுங்க' என்று சொல்லலாம். 'இந்த பனியனே வேண்டாம், வேற போடலாம்' என்று சொல்ல முடியாது.

இன்டர்நெட்டுக்கு விதி போடுகிற கதையும் இதேதான். அரசு, கம்பெனி, பொதுஜனம் எல்லோரும் பங்குதாரர்கள், எல்லோரும் ஒரே மேஜையில் பேசலாம் என்று 2005-ல் துனிஸ் மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. கேட்க நல்லாத்தான் இருக்கு. என்ன பேசுவது என்று முடிவு செய்வது யார்?

டாட் காம் மாதிரி பெயர்களைக் கவனிக்கும் ஐகான் அமைப்பைப் பாருங்கள். சாதாரணப் பயனாளர்களுக்கு அங்கே ஓர் ஆலோசனைக் குழு உண்டு. 'இதைப் பற்றி ஆராயுங்கள்' என்று அது கேட்கலாம். ஆனால் கொள்கை வகுக்கும் வேலையைத் தொடங்கலாமா என்று ஓட்டுப் போடுவது வேறொரு கவுன்சில். அதில் இந்தக் குழுவின் தொடர்பாளர் உட்காரலாம். ஓட்டுப் போட முடியாது!

நம்ம ஊரில்? 2014 டிசம்பரில் இன்டர்நெட் வழி பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. 2015 மார்ச்சில் டிராய் ஆங்கிலத்தில் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, 20 கேள்விகள் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் இ-மெயில் கொட்டியது. 2016 பிப்ரவரியில் பாகுபாடான கட்டணத்துக்குத் தடை வந்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது.

வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 20 கேள்வியில் ஒன்றாவது நாம் எழுதியதா? நம்மால் தடுக்க முடிந்தது. தொடங்க முடியவில்லை.

கைரேகை வைத்து வருகை பதிவு செய்யும் ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். பவர் டேபிளில் உட்காரும் பெண்ணிடம் 'உன் ரேகையை எடுத்துக்கலாமா?' என்று யாராவது கேட்பார்களா? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை சம்பந்தமான காரியங்களுக்குத் தொழிலாளியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமலே கையாள வழிவிடுகிறது. இதன் விதிகளுக்கு 2025 ஜனவரியில் கருத்துக் கேட்டார்கள். விதிக்குத்தான், சட்டம் ஏற்கெனவே தைத்து முடித்த சட்டை. வந்த கருத்துகளையும் வெளியிட மாட்டோம் என்றார்கள்.

'ஆளாளுக்கு ஒரு பிரச்னையைக் கிளப்பினால் வேலை நடக்குமா?' என்பீர்கள். ஐரோப்பிய யூனியனில் 2012 முதல் ஒரு வழி இருக்கிறது. குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால், ஆணையம் பரிசீலித்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சட்டம் போட்டே தீர வேண்டும் என்றில்லை. ஆனால் காது கேட்காத மாதிரி இருக்க முடியாது. அங்கே வேலை நின்றா போய்விட்டது?

அவ்வளவு தூரம் ஏன்? 1984-ல் இதே திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பஞ்சப்படி என்ற பேச்சை எடுத்தது முதலாளிகளா? தொழிலாளிகள். கோரிக்கைப் பட்டியலை அவர்கள் எழுதினார்கள். அதற்கு முதலாளிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

டிராயும் மின்னணு அமைச்சகமும் இதே வாசலைத் திறக்கட்டும். இத்தனை பேர் கையெழுத்துடன், தமிழிலேயே மனு வந்தால், விவாதத்தைத் தொடங்க வேண்டும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் பட்டியல் எழுதும்போது, பஞ்சப்படிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'எங்கள் ரேகையை எடுக்க எங்களைக் கேட்க வேண்டும்.' டெல்லியிலிருந்து கேள்வித்தாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.