ஏஜி ஃபோர் இருக்கா அண்ணா?

"மச்சான், இங்கயே வாங்கலாமா... இல்ல பெங்களூர் போயிடலாமா?"

ஓசூர்ல வளர்ந்த எவனும் இந்தக் கேள்வியை நூறு தடவையாவது கேட்டிருப்பான். ஜீன்ஸ், செல்போன், அக்கா கல்யாணப் புடவை... எதுவா இருந்தாலும் அத்திப்பள்ளியைத் தாண்டினா 'பெரிய கடை' இருக்குங்கற நம்பிக்கை நம்ம ஊர்க்காரங்க ரத்தத்துலயே ஓடுது. இந்தத் தடவை கேட்டது நாலு ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பசங்க. வாங்க நினைச்சது ஒரு ஆங்கிள் கிரைண்டர், ஒரு டிரில்லிங் மெஷின். ப்ராஜெக்ட்டுக்கு கோ-கார்ட் சேஸிஸ் பண்றாங்களாம். காலேஜ் ஒர்க் ஷாப்பை சாயங்காலமே பூட்டிடுவாங்க. இவங்களுக்கு ஞானம் பிறக்கறதோ ராத்திரி பத்து மணிக்கு மேல! சொந்தமா மெஷின் இருந்தாத்தான் கதை நடக்கும். நாலு பேர் பாக்கெட்டையும் கவிழ்த்துக் கொட்டினதுல ஏழாயிரத்துச் சொச்சம் தேறிச்சு.

"அண்ணா, அமெரிக்காவுல ஹோம் டிப்போன்னு ஒரு கடை இருக்கு. நேரா உள்ள போய் ரேக்ல இருந்து மெஷினை எடுத்து, கையில புடிச்சுப் பார்த்து, விலையையும் பார்த்து வாங்கிடலாம். நம்ம ஊர்ல ஏன் அப்படி ஒண்ணு இல்ல? இத்தனை ஃபேக்டரி இருக்கு!"

கேள்வி நியாயம்தான். 1970-கள்ல சிப்காட் வந்த ஊர் இது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன்னு ஆரம்பிச்சு, இன்னிக்குப் போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஸ்கூட்டர் வரைக்கும் வந்தாச்சு. ஒவ்வொரு பெரிய கம்பெனிக்குப் பின்னாடியும் பாகம் சப்ளை பண்ற சின்னச் சின்ன யூனிட்டுங்க. மெஷினைத் தொடாம சம்பளம் வாங்கற குடும்பம் இந்த வட்டாரத்துல குறைவு. ஆனா மெஷின் வாங்கணும்னா, முழங்கை ஊன்றி நிக்கற கவுண்ட்டர்ல போய், "ஏஜி ஃபோர் இருக்கா அண்ணா?"ன்னு கேட்கணும். ஏஜி ஃபோர்னா நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். அட்டைப் பெட்டி உள்ளே இருந்து வரும். ரேக் நம்ம கண்ணுல படவே படாது.

ஹோம் டிப்போ 1978-ல ஆரம்பிச்ச கம்பெனி. மறு வருஷம் அட்லாண்டாவுல முதல் கடைகளைத் திறந்தாங்க. இன்னிக்கு அவங்க கடை ஒண்ணு சராசரியா ஒரு லட்சம் சதுர அடி. காலங்காத்தால டிரக்ல வர்ற கான்ட்ராக்டரும், ஞாயித்துக்கிழமை அலமாரி மாட்டற குடும்பஸ்தரும் ஒரே ரேக் முன்னாடி நிப்பாங்க. தொழில்காரன் வாங்கற மில்வாக்கி, டீவால்ட், மகிட்டா எல்லாம் காலேஜ் பையனுக்கும் கைக்கெட்டும். வாங்கக் காசில்லைன்னா வாடகைக்கும் தருவாங்க.

அவங்க போட்டிக் கம்பெனி லோவ்ஸ். அவங்களுக்குப் பெரிய டெக்னாலஜி ஆபீஸ் எங்க இருக்கு தெரியுமா? பெங்களூர்ல! நம்ம சீனியர் யாராவது அங்க உட்கார்ந்து அமெரிக்கக் கடைக்கு சாஃப்ட்வேர் எழுதிட்டு இருக்கலாம். ஆனா அந்த கம்பெனி கடையில ஒரு ஸ்க்ரூ வாங்கணும்னா அவருக்கும் விசா வேணும்.

ஏன் இங்க வரலை? சட்டம் ஒரு காரணம். 2012 செப்டம்பர்ல மத்திய அரசு, பல பிராண்டுகளை விற்கும் சில்லறைக் கடைகள்ல 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை அனுமதிச்சது. ஆனா கதவைத் திறக்கற சாவி மாநிலங்கள் கையில. தமிழ்நாட்டுக்கு வேண்டாம்னு அப்போதைய முதல்வர் ஜெயலலிதா சொல்லிட்டார். சின்னக் கடைக்காரங்க பிழைப்பு போயிடும்ங்கறது வாதம். கர்நாடகமோ பின்னாடி சம்மதம் சொன்ன மாநிலங்கள் பட்டியல்ல சேர்ந்தது. ஆக, ஜுஜுவாடிக்கு இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் திறந்த கதவு! ஆனா திறந்த கதவு வழியாவும் ஹோம் டிப்போ வரலையே?

அதுக்கு விடை சீனாவுல இருக்கு. 2006-ல ஹோம் டிப்போ அங்க 12 கடைகளை வாங்கிக்கிட்டு இறங்கினாங்க. 2012-ல கடைசியா மிச்சமிருந்த ஏழு பெரிய கடைகளையும் மூடிட்டுக் கிளம்பினாங்க. சீனாக்காரர் தானே டிரில் பிடிச்சுச் சுவர்ல ஓட்டை போட விரும்பலை. கூலிக்கு ஆள் கிடைக்கும்போது அவர் ஏன் தூசி தின்னணும்? நம்ம கதையும் அதேதானே? வீட்டுல ஃபேன் மாட்டணும்னா அப்பா டிரில் வாங்குவாரா, எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுவாரா? ஆக, நம்ம ஊர்ல மெஷின் வாங்கறவர் பெரும்பாலும் அதை வெச்சுப் பிழைக்கறவர். அவருக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியும். ரேக்கைச் சுத்திப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது.

"ஐகியா இருக்கே அண்ணா!"ன்னான் கூட்டத்துல ஒருத்தன். இருக்கு. 2022 ஜூன்ல நாகசந்திராவுல திறந்தாங்க. சொந்தச் சரக்கு மட்டும் விக்கற கடைங்கறதால அதுக்குச் சட்டம் வேற. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ வந்தப்புறம், பொம்மசந்திராவுல ஏறி ஆர்.வி. ரோடுல மாறினா நேரா கடை வாசல்லயே இறங்கலாம். அங்கயும் டிரில் விக்கறாங்க... அவங்க அலமாரியை மாட்டறதுக்கு. கோ-கார்ட் பைப் அறுக்கணும்னு போனீங்கன்னா மீட்பால் சாப்பிட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சரி, 'புரொஃபஷனல்'னு பெட்டி மேல போட்டிருக்காங்களே, அதுக்கு என்னதான் அர்த்தம்?

ஒரு பழைய கதை. ஜெர்மனியில ஃபைன் கம்பெனி 1895-லயே கையில பிடிக்கற எலக்ட்ரிக் டிரில் செஞ்சுட்டாங்க. துப்பாக்கி மாதிரிப் பிடியும் ட்ரிக்கரும் வெச்ச டிரில்லுக்கு, 1917-ல அமெரிக்காவுல பிளாக் அண்ட் டெக்கர் பேட்டன்ட் வாங்கினாங்க. அதெல்லாம் ஃபேக்டரிக்கான சாமான். அப்புறம் ரெண்டாம் உலகப் போர் சமயம் ஒரு வேடிக்கை. ஃபேக்டரித் தொழிலாளிங்க டிரில்லை 'மறந்தாப்ல' வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறாங்களாம்! அடடா, வீட்டுக்கும் இது வேணும் போலிருக்கேன்னு கம்பெனிக்கு அப்பத்தான் உறைச்சதுன்னு சொல்வாங்க. 1946-ல வீட்டு டிரில் விற்பனைக்கு வந்தது. (ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நம்ம ஊர் மாமாக்கள் யாரும் இதைப் படிச்சுட்டுச் சிரிக்க வேண்டாம்.)

வீட்டு மார்க்கெட்ல ஜெயிச்சதே பின்னாடி வினையாச்சு. 'அது சமையலறை ஐட்டம்ப்பா'ன்னு தொழில்காரங்க பிளாக் அண்ட் டெக்கரை ஒதுக்கிட்டாங்க. கம்பெனி என்ன பண்ணிச்சு? 1960-ல வாங்கிப் போட்டிருந்த டீவால்ட்ங்கற பேரைத் தூசி தட்டி எடுத்து, மஞ்சள் கலர் பூசி, 1992-ல தொழில்காரங்களுக்குன்னே இறக்கினாங்க. ஹிட்! பாஷ் கம்பெனியும் இதே ரூட்தான். நீலம்னா தொழிலுக்கு, பச்சைன்னா வீட்டுக்கு. நம்ம கவுண்ட்டர்கள்ல பெரும்பாலும் நீலம்தான் தொங்கும். காரணம் முன்னாடி சொன்னதுதான், இங்க வாங்கறவர் தொழில்காரர்.

கலருக்குள்ள என்ன வித்தியாசம்? பசங்களோட நானும் ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் விலை சொல்றதுக்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வி: "தெனம் எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க தம்பி?"

இதுதான் விஷயம். கரன்ட்ல ஓடற கிரைண்டர், டிரில் ரெண்டுலயும் இருக்கறது நம்ம வீட்டு மிக்ஸியில இருக்கற அதே வகை மோட்டார்தான். மிக்ஸியைத் திருப்பிப் பாருங்க, எத்தனை நிமிஷம் ஓட்டலாம்னு போட்டிருக்கும். அதுக்கு மேல விட்டா வாசனை வரும். நாள் பூரா ஓடணும்னா உள்ளே இருக்கறதெல்லாம் மாறணும். புஷ் இருக்கற இடத்துல பால் பேரிங் வேணும், ஆர்மேச்சர் சுத்தின கம்பியைத் தூசி அரிக்காதபடி நல்ல பூச்சு வேணும், கியருக்கு உலோகக் கூடு வேணும். முக்கியமா கார்பன் பிரஷ். அது தேயறதுக்குன்னே பொறந்த ஜென்மம். மெஷினை முழுசாப் பிரிக்காம அதை மாத்த முடியணும். தேய்ஞ்ச பிரஷ்ஷோடயே ஓட்டினா ஆர்மேச்சரும் போயிடும். அப்ப ரிப்பேர் செலவு புது மெஷின் விலையைத் தொட்டு நிக்கும்.

"எத்தனை வாட்ஸ்ணா?"ன்னு கேட்டான் நம்ம ஆள். அண்ணன் சிரிச்சார். "பெட்டி மேல எத்தனை வேணா போடுவான் தம்பி. இதுக்கு ஆர்மேச்சர் என்கிட்ட இருக்கு, அதுக்கு இல்ல. எது வேணும் சொல்லு."

யோசிச்சுப் பாருங்க. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகள்ல கட்டரும் பாலிஷ் மெஷினும் விடாம ஓடுது. கல்லுத் தூசி எந்த மோட்டாரையும் சீக்கிரம் தின்னுடும். அந்த வட்டாரத்துல கடை வெச்சவனுக்கு, வித்த மெஷின் மறுபடி தன் கவுண்ட்டருக்கே வரும்னு தெரியும். அதனால உதிரி பாகம் கிடைக்கற மெஷினைத்தான் முன்னாடி வைப்பான். ஒரு லட்சம் சதுர அடிக் கடையில இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருப்பாரான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அதுக்காக கவுண்ட்டர் கடையெல்லாம் கோயில்னு சொல்ல வரலை. விலை ஸ்டிக்கர் கிடையாது, ஆளைப் பார்த்து ரேட். பொண்ணுங்க போனா, "அப்பாவை வரச் சொல்லும்மா"ன்னு சொல்ற கடை இன்னும் இருக்கு. மெக்கானிக்கல் படிக்கற ஒரு தங்கச்சி இதைச் சொல்லிக் கொதிச்சா. ரேக்ல இருந்து தானே எடுக்கற கடை அவளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! அப்புறம் டூப்ளிகேட். பெட்டி, கலர், எழுத்து எல்லாம் அச்சு அசல், ஆனா உள்ளே வேற. 'பில் இல்லாம எடுத்துக்கோ, குறைச்சுத் தர்றேன்'னா நகர்ந்துடுங்க. பில் இல்லைன்னா வாரன்ட்டி இல்லை. பெங்களூர்ல எஸ்.பி. ரோடு வரைக்கும் போனா வரி மிச்சமாகும்ங்கறதும் பழைய கதை. 2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்ததுல இருந்து எல்லைக்கு ரெண்டு பக்கமும் வரி விகிதம் ஒண்ணுதான். மிச்சம் பிடிக்கறதா நினைச்சது பஸ் டிக்கெட்டுக்கும் தோசைக்கும் சரியாப் போயிடும். ரிப்பேருக்கு இன்னொரு தடவை பஸ்.

பசங்க இங்கயே வாங்கினாங்க. மூணு வாரம் கழிச்சு போன். "அண்ணா, மெஷின் பொறி பொறியா கக்கிச்சு, நின்னுடுச்சு." ரிவ்யூவுக்கு ஆறு நாள்தான் பாக்கி.

மறுபடி அதே கவுண்ட்டர். கடைக்கார அண்ணன் மெஷினைக் கையில வாங்கினதுமே முகம் மாறிடுச்சு. "வீல் கவர் எங்க?"

கழட்டிட்டாங்களாம். பைப் மூலையில எட்டலைன்னு கவரை எடுத்துட்டு, அஞ்சு இஞ்ச் வீல் மாட்டி ஓட்டியிருக்காங்க. அடுத்து ஏழு இஞ்ச் மாட்டற ஐடியாவும் இருந்திருக்கு. துளை பெருசா இருக்குமே, வாஷர் வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு.

நாமதான் இன்ஜினீயரிங் ஆச்சே, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏஜி ஃபோர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். நாலு இஞ்ச் வீலோட விளிம்பு அப்ப மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல போகுது. சாதாரண கட்டிங் வீல் தாங்கற எல்லை நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். வீல் மேலயே அதைப் போட்டிருக்கும். ஏழு இஞ்ச் வீலுக்கு அதிகபட்சம் 8,500 சுத்துதான். அதைக் கொண்டுவந்து இந்தச் சின்ன மெஷின்ல மாட்டினா விளிம்பு வேகம் மணிக்கு 370-ஐத் தாண்டும். வீல்னு நாம சொல்றது பிசின்ல ஒட்டின மணல் மாதிரி சமாசாரம். அது உடைஞ்சா துண்டு எந்தப் பக்கம் போகும்னு யாராலும் சொல்ல முடியாது. கவர் இல்லைன்னா அது நேரா வர்ற இடம் வயிறு, கழுத்து, முகம். வீலோட நடுவுல இருக்கற உலோக வளையத்துல காலாவதி தேதி கூட இருக்கும். பசங்க நாலு பேரும் அன்னிக்குத்தான் அதை முதல் தடவையாப் பார்த்தாங்க.

அண்ணன் எதுவும் லெக்சர் அடிக்கலை. தன் இடது கையைக் கவுண்ட்டர் மேல வெச்சார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. "நானும் உங்க வயசுல கவரைக் கழட்டினவன்தான்"ன்னு மட்டும் சொன்னார்.

அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்தார். பிரஷ் ரெண்டும் பல்லு போன கிழவி மாதிரி தேய்ஞ்சு கிடந்தது. ஆர்மேச்சர் தப்பிச்சது. புது ஜோடி போட்டு, சுவிட்சைத் தட்டி ஓட்டிப் பார்க்க மொத்தம் பத்து நிமிஷம். நாலு பேர் டீ, பஜ்ஜி சாப்பிட்ட காசுதான் ஆச்சு.

காசை வாங்கி டிராவுல போட்டவர், மெஷினை மட்டும் தரலை. பின்னாடி ரேக்ல தூக்கி வெச்சுட்டார்.

"கவரை எடுத்துட்டு வாங்க. மாட்டித் தர்றேன்."

"அண்ணா, ஹாஸ்டல்ல இருக்கு... போயிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும்ணா!"

"ஒன்பதரை வரைக்கும் கடை திறந்துதான் தம்பி இருக்கும்."

நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்தாங்க. கடைசியில, வாஷர் ஐடியா சொன்னவனையே டவுன் பஸ் ஏத்தி விட்டாங்க.